கசக்கவில்லை என்று சொன்னவர்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்றாம் வருடக் கோடையில், காரைக்காலில் ஆரோக்கியசெல்வியின் சைக்கிளைக் கண்டால் சிலர் தாமாகவே நாக்கை நீட்டத் தொடங்கியிருந்தார்கள். அவள் வாய்விட்டுக் கேட்க வேண்டியதே இல்லை. பேருந்து நிலையத்தில் டிக்கெட் கிழிப்பவர், மாதா கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்பவர், மதார் சாகிப் ஜவுளிக்கடையில் துணி அளப்பவர்கள் ஒன்பது பேர் என்று ஊரில் பாதி நாக்குகளை அவள் பார்த்துவிட்டாள்.

செல்விக்கு இருபத்து நான்கு வயது. விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்து, கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அதுவரை தவளை வயிற்றைக் கிழித்துக் காட்டுவதைத் தவிர அவளுக்குப் பெரிய வேலை இல்லை. அப்போதுதான் மதராஸிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே விரல் அகலத்தில் வெட்டிய காகிதத் துண்டுகள். பி.டி.சி. என்ற மருந்துத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தவை. அதை நாக்கில் வைத்தால் சிலருக்கு உயிர் போகிற மாதிரி கசக்கும். சிலருக்கு வெறும் காகிதத்தை நக்கியது போல இருக்கும். இரண்டுக்கும் நடுவில் அநேகமாக ஒன்றும் இல்லை. அது பிறப்போடு வருவது, பரம்பரையாக வருவது என்று பாடப்புத்தகம் சொன்னது.

பெட்டி வந்த அன்று மத்தியானமே வீட்டுச் சமையலறையில் அம்மா அற்புதத்தின் நாக்கில் ஒரு துண்டை வைத்தாள். அற்புதம் அதைத் துப்பிய வேகத்தில் அது அரிசிப் பானையின் மேல் போய் ஒட்டிக்கொண்டது.

"என்னா கண்றாவிடி இது!"

நெரவி கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் பிறப்புப் பதிவுகளை எழுதும் அப்பா லூர்துநாதன், கொடுத்த துண்டைச் சாவகாசமாக மென்றுவிட்டு, "இதுல என்னா இருக்கு? காகிதம்" என்றார்.

செல்விக்கு அம்மாவைக் கட்டிக்கொண்டு குதிக்க வேண்டும் போல இருந்தது. "அம்மா, ஒவ்வொரு ஆளுக்குள்ளயும் இந்தக் கசப்புக்குன்னு ரெண்டு சீட்டு இருக்கு. ஒன்னு அம்மா குடுத்தது, ஒன்னு அப்பா குடுத்தது. 'கசக்கும்'னு எழுதின சீட்டு ஒன்னே ஒன்னு இருந்தாப் போதும், கசந்துடும். 'கசக்காது'ங்கிற சீட்டு ரெண்டும் ஒன்னா வந்து சேர்ந்தாத்தான் கசக்காது. அப்பாகிட்ட ரெண்டும் கசக்காத சீட்டு. அதுல ஒன்னு எனக்கு வந்திருக்கு. உன்கிட்டேருந்து கசக்குற சீட்டு வந்திருக்கு. அதனால எனக்குக் கசக்குது!"

அற்புதம் வாயைக் கொப்பளித்துக்கொண்டே கேட்டாள். "கசக்குற ரெண்டு பேருக்குக் கசக்காத பிள்ளை பொறக்குமா?"

"பொறக்கலாம். ரெண்டு பேருமே உள்ள ஒளிச்சு வச்சிருக்கிற அந்த இன்னொரு சீட்டைக் குடுத்திருந்தா."

"கசக்காத ரெண்டு பேருக்கு?"

"கசக்குற பிள்ளை பொறக்காது. அந்தச் சீட்டே அவங்ககிட்ட இல்லையே, எங்கேருந்து குடுப்பாங்க?"

அற்புதம் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "இருபத்தஞ்சு வருஷமா குழம்புல எதைப் போட்டாலும் உங்களுக்குத் தெரியாதே, அது இந்தச் சீட்டுனாலதானா?"

அன்று கிளம்பியவள்தான். இரண்டு மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு நாக்குகள். ஒவ்வொன்றையும் பேர், வயது, ஊரோடு நீலநிற அட்டை போட்ட நோட்டில் எழுதினாள். கடைசியில் கூட்டிப் பார்த்தபோது அவளுக்குத் தலை சுற்றியது. நூற்று முப்பத்தொரு பேர் கசக்கவில்லை என்று சொல்லியிருந்தார்கள். புத்தகத்தின்படி மூன்றில் ஒருவருக்குத்தான் கசக்காமல் இருக்க வேண்டும். இங்கே பாதிக்கும் மேல்!

"உன் பொட்டி வீணாப்போயிருக்கும்" என்றாள் கமர் நிஷா. அதே துறையில் அவளும் டெமான்ஸ்ட்ரேட்டர். எதையும் உடனே நம்பமாட்டாள்.

செல்வி பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தன் நாக்கில் வைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. பெட்டி நன்றாகத்தான் இருந்தது.

"அப்போ ஊர்லதான் ஏதோ இருக்கு" என்று அவள் ஆய்வுக்கூடத்துக்குள் இங்கும் அங்கும் நடந்தாள். "கடல்காத்தா இருக்குமா? இல்ல, முந்நூறு வருஷத்துக்கு முன்னால எங்கேருந்தோ ஒரு கூட்டம் வந்து இறங்கிச்சோ? காரைக்காலுக்குன்னே ஒரு தனி வாரிசுக் கணக்கு ஓடிட்டிருக்கு நிஷா! நம்ம கண்ணு முன்னாடி!"

ஆகஸ்டில் திருச்சியில் ஒரு கருத்தரங்கு இருந்தது. 'காரைக்கால் கடற்கரை மக்களிடையே கசப்புணரா மரபுப் பண்பு' என்று தலைப்பு வைத்துக் கட்டுரை அனுப்பியும் விட்டாள். அந்த வாரம் முழுக்க அவள் கால் தரையில் படவில்லை. பிரேக் பிடிக்க மறந்து காய்கறி வண்டியில் இரண்டு முறை மோதினாள்.

இந்த நிலைமையில்தான் ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இரண்டாம் பூசை முடிந்து பத்து மணிக்கு, அவளைப் பெண் பார்க்க வந்தார்கள்.

வந்தவர்கள் மூன்றே பேர். மாப்பிள்ளை மைக்கேல்ராஜ், திருமலைராயன்பட்டினத்தில் உயர்நிலைப்பள்ளி ஆசிரியர். ஒல்லியாக, காதோரம் முடி கலைந்து, உட்கார்ந்த நாற்காலியின் நுனியிலேயே இருந்தார். அவருடைய அப்பா சூசைமுத்து பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், சைகோன் வரைக்கும் போய் வந்தவர். கஞ்சி போட்ட வெள்ளைக் காற்சட்டையோடு விறைப்பாக உட்கார்ந்து எதற்கும் "போன்!" என்றார். நல்லது என்று அர்த்தம். அம்மா மதலேனம்மாள் சிரித்த முகத்துக்காரி. நாற்காலி நன்றாக இருக்கிறது என்றாள், சுவரிலிருந்த திருஇருதயப் படம் நன்றாக இருக்கிறது என்றாள், வாசலில் கட்டியிருந்த ஆடு கூட நன்றாக இருக்கிறது என்றாள்.

செல்வி காபியையும் அச்சுமுறுக்கையும் கொண்டுவந்து வைத்தாள். மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, அவள் மனம் திருச்சியில் இருந்தது.

"பொண்ணுக்குக் காலேஜுல என்னா வேலை?" என்று கேட்டாள் மதலேனம்மாள்.

லூர்துநாதனுக்குப் பெருமை தாங்கவில்லை. "காரைக்கால்ல இருநூறு பேரு நாக்கைச் சோதிச்சிருக்கா. இந்த ஊர்ல பாதிப் பேருக்குக் கசப்பே தெரியாதுன்னு கண்டுபிடிச்சிருக்கா."

அற்புதம் கதவுக்குப் பின்னாலிருந்து கண்ணை உருட்டினாள். ஆனால் சூசைமுத்து நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "நாக்கையா? போன்! எங்க நாக்கையும் சோதிச்சுடும்மா. இப்பவே!"

செல்விக்கு அதற்கு மேல் சொல்லவேண்டுமா? ஒரே ஓட்டத்தில் உள்ளே போய்ப் பெட்டியையும் நீல நோட்டையும் எடுத்து வந்தாள். பெண் பார்க்க வந்த வீட்டில் மாப்பிள்ளைக்கு நேராகப் போய் நின்று, "நாக்கை நீட்டுங்க" என்று அவள் சொன்னபோது அற்புதம் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

மைக்கேல்ராஜ் நீட்டினார். அடுத்த கணம் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்து ஜன்னலுக்கு ஓடினார். வெளியே நின்ற ஆடு கத்தியது.

"கசக்குதுங்களா?" என்று கேட்டாள் செல்வி.

"கசக்குதாவா!" அவருக்குக் குரலே வரவில்லை.

சூசைமுத்து தம் துண்டை மென்று, புருவத்தைத் தூக்கி, மறுபடி மென்று, "ஒன்னுமே இல்ல. காகிதம்" என்றார். மகனைப் பார்த்துச் சிரித்தார். "இதுக்கா இந்த ஓட்டம் ஓடினே?"

மதலேனம்மாள் துண்டை வாயில் போட்டாள். சிரித்த முகம் சிரித்தபடியே இருந்தது. ஒரு நிமிடம் ஆயிற்று.

"கசக்குதாம்மா?"

"இல்லயேம்மா. நல்லாத்தான் இருக்கு."

"அதைத் துப்பிடுங்க, முழுங்கக் கூடாது."

"ஐயோ, முழுங்கிட்டேனே!" என்று அவள் டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் தண்ணீரைக் குடித்தாள்.

செல்வி நோட்டைப் பிரித்து எழுதினாள். சூசைமுத்து, கசக்கவில்லை. மதலேனம்மாள், கசக்கவில்லை. மைக்கேல்ராஜ், கசக்கிறது. மூன்று பேரையும் அம்மா, அப்பா, மகன் என்று கோடு போட்டு இணைத்தாள். கோடு கீழே இறங்கி மகனிடம் வந்ததும் பேனா நின்றது.

கசக்காத இரண்டு பேர். கசக்கிற பிள்ளை.

அவள் மெல்லத் தலையைத் தூக்கினாள். அறையில் எல்லோரும் அச்சுமுறுக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மைக்கேல்ராஜ் மட்டும் பேசவில்லை. அவர் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"ரெண்டு பேரும் கொல்லைப் பக்கம் போயி அஞ்சு நிமிஷம் பேசிட்டு வரட்டுமே" என்றார் லூர்துநாதன். காலம் மாறிவிட்டது என்று காட்டிக்கொள்வதில் அவருக்கு ஆசை. "போன்!" என்றார் சூசைமுத்து.

கொல்லையில் துவைக்கிற கல்லுக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவரும் நின்றார்கள். சற்று நேரம் முருங்கைமரத்தைப் பார்த்தார்கள்.

"நான் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேங்க" என்றார் மைக்கேல்ராஜ்.

"சொன்னாங்க."

"அறிவியல்."

"அதையும் சொன்னாங்க."

"மெண்டல் பாடம் நான்தான் எடுக்கிறேன். பட்டாணிச்செடி, ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு எல்லாம்."

செல்வி முந்தானையைக் கையில் சுருட்டினாள். "அப்போ உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுபோச்சு." அவர் கல்லின் மேல் கையை ஊன்றினார். "கசக்காத ரெண்டு பேருக்கு..."

"கசக்குற பிள்ளை பொறக்காது" என்று இருவரும் சேர்ந்தே முடித்தார்கள்.

"விதிவிலக்கு இருக்குங்க" என்றாள் அவள் அவசரமாக. "இது பட்டாணி மாதிரி அவ்வளவு கறாரா இல்லன்னு எழுதியிருக்காங்க. எப்போவாவது தப்பி நடக்கும்."

"எவ்வளவு எப்போவாவது?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "ரொம்ப ரொம்ப எப்போவாவது."

மைக்கேல்ராஜ் திடீரென்று சிரித்துவிட்டார். பயத்தில் வருகிற சிரிப்பு. "இருபத்தேழு வருஷமா சூசைமுத்து மூக்கு, சூசைமுத்து மூக்குன்னு ஊரே சொல்லுது. அப்பா சைகோனுக்குக் கப்பலேறினது ஐம்பத்துமூணுல. திரும்பி வந்தது ஐம்பத்தாறுல. நான் பொறந்தது ஐம்பத்துமூணு நவம்பரு."

"எந்த மாசம் கப்பலேறினாங்க?"

"அதுதான் தெரியாதுங்க. ஜனவரின்னா இடிக்குது. மார்ச்சுன்னா சரியா வருது."

செல்வி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். அவரும் எண்ணிக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத ஒரு ஆணும் பெண்ணும் முதன்முதலாகப் பேசுகிறபோது விரல்விட்டு மாதம் எண்ணிக்கொண்டிருக்கிறோமே என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அவள் காது சூடேறியது.

"மூக்கை மட்டும் வச்சு ஒன்னும் சொல்லமுடியாது" என்றாள், குரலைச் சரிசெய்துகொண்டு. "காது மடலு இருக்கு பாருங்க, சிலருக்குக் கன்னத்தோட ஒட்டியிருக்கும், சிலருக்குத் தனியாத் தொங்கும். அதுவும் பரம்பரைதான். காட்டுங்க."

அவர் குனிந்தார். அவள் கலைந்த முடியை ஒதுக்கி, காது மடலைப் பிடித்துப் பார்த்தாள். அப்போதுதான் மாப்பிள்ளையை அவள் இவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறாள். நல்ல காது. முகமும் மோசமில்லை. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

சமையலறை ஜன்னலில் "மாதாவே!" என்று ஒரு சத்தம் கேட்டது. தன் மகள் மாப்பிள்ளையின் காதைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அற்புதம் பார்த்துவிட்டாள். செல்வி கையைச் சட்டென்று எடுத்தாள்.

"எங்க அம்மாவைப் பத்தி நான் தப்பா நினைக்கவே முடியாதுங்க" என்றார் மைக்கேல்ராஜ். "உங்களுக்குத் தெரியாது. அவங்களுக்கு ஒருத்தர் மனசு நோகுற மாதிரி ஒரு வார்த்தை சொல்ல வராது. போன வருசம் எங்க சித்தப்பா வீட்டுல காபில சக்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டுக் குடுத்துட்டாங்க. நாங்க எல்லாம் கீழ வச்சிட்டோம். அம்மா முழு டம்ளரையும் குடிச்சிட்டு, நல்லா இருக்குன்னு சொன்னாங்க. இன்னும் கொஞ்சம் ஊத்தவான்னு கேட்டதுக்குச் சரின்னுட்டாங்க."

செல்வி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"என்னாங்க?"

"அவங்க துப்பல" என்றாள் அவள்.

"ஆமா."

"முழுங்கிட்டுத் தண்ணி குடிச்சாங்க. ஒரே மூச்சுல."

மைக்கேல்ராஜ் வாயைத் திறந்தார். முகத்தில் ரத்தம் மெல்லத் திரும்பியது. "அட! பொண்ணு வீட்டுல, பொண்ணு கையால குடுத்ததைப் போயி..."

"கசக்குதுன்னு யாரு சொல்லுவாங்க?"

அவருக்கு உயிர் வந்தது; அவளுக்குப் போயிற்று. அவள் துவைக்கிற கல்லில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"இருநூத்திப் பன்னெண்டு பேரு" என்றாள்.

"என்னாங்க?"

"நான் போயி நின்னு, சிரிச்சிக்கிட்டே, 'கசக்குதாங்க?'ன்னு கேட்டிருக்கேன். கொம்யூன் லூர்துநாதன் பொண்ணு, காலேஜுல வேலை பாக்குற பொண்ணு, வெயில்ல சைக்கிள் மிதிச்சு வந்து குடுக்குது. மதார் சாகிப் கடையில ஒன்பது பேரும் வரிசையா நின்னு 'ஒன்னும் இல்லம்மா, ஒன்னும் இல்லம்மா'ன்னாங்க. ஒருத்தர் கண்ணுல தண்ணி வந்துச்சு. தூசின்னார். நான் நம்பினேன்! கடல்காத்துன்னேன், கப்பல்ல வந்த கூட்டம்ன்னேன். திருச்சிக்கு எழுதிப் போட்டுட்டேன்!" அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "இந்த ஊருக்கு இருக்கிறது தனிப் பரம்பரை இல்லங்க. மரியாதை!"

அழுகிறாள் என்று நினைத்து அவர் பதறிக் கிட்டே வந்தார். தோள் குலுங்கியது. கையை எடுத்தபோது தெரிந்தது, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் சத்தம் வராமல் சிரிக்க முயன்று முடியாமல் தவித்தார்கள்.

"நிச்சயம் பண்ணிக்கணும்" என்றாள் செல்வி கண்ணைத் துடைத்து எழுந்து.

"நானும் அதையேதான் நினைச்சேன்" என்றார் மைக்கேல்ராஜ்.

அவள் சொன்னது சோதனையை. அவர் சொன்னது எதை என்று புரிய அவளுக்கு ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள்.

சமையலறையில் நின்று அவள் வெறும் காகிதத்தை அதே அளவுக்கு வெட்டினாள். ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு வெறும் துண்டு, ஒரு மருந்துத் துண்டு. பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். மருந்துத் துண்டின் பின்பக்கம் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி, அவளுக்கு மட்டும் தெரியும்படி. இந்த முறை கேள்வியை மாற்றிக் கேட்கப் போகிறாள். கசக்குதா என்று கேட்டால்தானே மரியாதை குறுக்கே வரும்?

"அம்மா, ஒரு சின்ன விளையாட்டு" என்று அவள் மதலேனம்மாளின் எதிரில் உட்கார்ந்தாள். "மூணு குடுப்பேன். நல்லா இருக்கா இல்லையான்னு சொல்லவேணாம். மூணுல எது வேற மாதிரி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. ஒவ்வொன்னையும் இந்தத் தட்டுல துப்பிடணும். எங்க வீட்டுல துப்பினாத்தான் மரியாதை."

மதலேனம்மாள் தயங்கித் தயங்கித் துப்பினாள். "ரெண்டாவதும்மா."

புள்ளி இரண்டாவதில் இருந்தது. செல்வி திரும்பிக்கொண்டு கலைத்தாள். "முதல்." சரி. மறுபடி. "மூணாவது." சரி. மறுபடி. "மூணாவதேதான்." நான்கு முறையும் சரி. குருட்டாம்போக்கில் நான்கும் சரியாக வர எண்பத்தொன்றில் ஒரு தடவைதான் வாய்க்கும். அந்த வருடமும் எண்பத்தொன்றுதான் என்று நினைத்து அவளுக்கு மறுபடி சிரிப்பு வந்தது.

சூசைமுத்துவுக்கும் கொடுத்தாள். அவர் இரண்டாவது என்றார், தப்பு. முதல் என்றார், அதுவும் தப்பு. "எல்லாம் ஒன்னுதாம்மா. என்னை ஏமாத்துறே" என்று கோபித்துக்கொண்டார்.

"அம்மா, உண்மையைச் சொல்லுங்க" என்றாள் செல்வி. "அந்த வேற மாதிரி இருந்தது எப்படி இருந்துச்சு?"

மதலேனம்மாள் அற்புதத்தைப் பார்த்தாள், லூர்துநாதனைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "கொஞ்சம்..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று உடைந்துவிட்டாள். "ஐயோ சாமி, வேப்பெண்ணெயைத் தொண்டையில ஊத்தின மாதிரி இருந்துச்சும்மா! நெஞ்சு வரைக்கும் இறங்கிப்போச்சு. இன்னும் போவல!"

"அப்பாடா!" என்று கத்திவிட்டார் மைக்கேல்ராஜ்.

அறை திரும்பி அவரைப் பார்த்தது.

"இதுல உனக்கு என்னா அப்பாடா?" என்றார் சூசைமுத்து. "எதுக்கு இத்தனை தடவை அவளைத் துப்பச் சொல்றீங்க? என்னா விஷயம்?"

மைக்கேல்ராஜுக்கும் பொய் வராது. வகுப்பில் சொல்வது போலவே சொன்னார். கசக்கும் சீட்டு, கசக்காத சீட்டு, கசக்காத இருவருக்குக் கசக்கும் பிள்ளை பிறக்காது என்பது வரைக்கும். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. அச்சுமுறுக்கைக் கடித்துக்கொண்டிருந்த லூர்துநாதன் வாயை அசைக்காமல் நின்றார்.

சூசைமுத்து எழுந்தார். விறைப்பாக நின்று மகனைப் பார்த்தார். "மார்ச்சு பத்தொன்பது" என்றார். "சூசையப்பர் திருநாள். என் பேருக்குரிய நாள். அன்னைக்குப் பூசை கண்டுட்டுத்தான் கப்பலேறினேன். உங்கம்மா காலையிலேருந்து வாந்தி எடுத்துக்கிட்டிருந்தா. எதுனாலன்னு கப்பல்ல போறப்போ எனக்குத் தெரியாது. சைகோனுக்குக் கடிதம் வந்தப்போதான் தெரிஞ்சுது. அந்தக் கடிதத்தைப் படிச்சிட்டு முகாம்ல நான் ஆடின ஆட்டத்துக்கு என்னை ரெண்டு நாள் அடைச்சு வச்சாங்க!"

மதலேனம்மாளின் முகத்தில் ஒரு நொடி ஒன்றும் இல்லை. இவ்வளவு நல்ல மனுஷியின் மனத்தை நோகடித்துவிட்டோமே என்று செல்விக்குத் தோன்றியது. பிறகு மதலேனம்மாள் கையை ஓங்கி மகனின் முதுகில் பட்டென்று ஒன்று வைத்தாள்.

"அடப்பாவி! ஒரு துண்டுக் காகிதத்துக்காகவாடா?" அடுத்த அடி விழவில்லை. கை அந்தரத்தில் நின்றபடி அவளுக்குச் சிரிப்பு கிளம்பிவிட்டது. அடிவயிற்றிலிருந்து, மூச்சு வாங்கி, முந்தானையால் வாயை மூடிக்கொள்கிற சிரிப்பு. "இனிமே யாரு வீட்டுலயும் நல்லா இருக்குன்னு சொல்லமாட்டேன்! சொன்னதுக்கு என் குடியே கெட்டுப்போயிருக்கும்!" அற்புதம் அவள் தோளில் சாய்ந்து சிரித்தாள். லூர்துநாதனுக்கு முறுக்கு புரையேறியது. சூசைமுத்து "போன்! போன்!" என்று தட்டைத் தட்டினார்.

சிரித்து ஓய்ந்த பிறகு மதலேனம்மாள் செல்வியின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "எங்க வீட்டுக் காபி கசக்கும்மா. இவரு அப்படித்தான் குடிப்பாரு. நீ வந்து அதைத் துப்பக்கூடாது, சொல்லிட்டேன்."

பெண் பிடித்திருக்கிறது என்று அந்த வீட்டில் அதற்கு மேல் யாரும் தனியாகச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கமர் நிஷாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள் செல்வி. அவள் மேசையில் தலையை வைத்துச் சிரித்துவிட்டு, "திருச்சிக்கு என்னா பண்ணப்போறே?" என்றாள். செல்வி அன்றே தலைப்பை மாற்றி ஒரு கடிதம் எழுதினாள். 'கசப்புச் சோதனையில் கேட்கும் கேள்வியால் விளையும் பிழை' என்பது புதுத் தலைப்பு. இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் மறுபடி பார்ப்பதாகவும் எழுதிப் போட்டாள். மைக்கேல்ராஜ் வெறும் காகிதத்தை இரண்டிரண்டாக வெட்டிக் கொடுத்தனுப்பினார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பழைய பரீட்சைத் தாளின் வெள்ளை ஓரங்கள்.

கோயிலில் அவர்களுடைய கல்யாண அறிவிப்பு ஓலையை வாசிக்க ஆரம்பித்தார்கள். மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். தடை ஏதும் இருந்தால் சொல்லலாம். முதல் ஓலையன்று சாமியார் இரண்டு பேர்களையும் படித்தபோது செல்வி முன்வரிசையில் உட்கார்ந்து மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தன்னிடம் கசக்கும் சீட்டு ஒன்று, அப்பா கொடுத்த கசக்காத சீட்டு ஒன்று. அவரிடமும் அப்படியே. இரண்டையும் கலைத்துப் போட்டால் பிறக்கிற பிள்ளைகளுக்கு... விடை வந்ததும் குபீரென்று சிரித்துவிட்டாள். அற்புதம் அவள் தொடையில் கிள்ளினாள்.

இரண்டாவது ஓலைக்கு அடுத்த நாள் கருக்களாச்சேரிக் கடற்கரைக்குப் போனார்கள். கமர் நிஷாவும் கூட வந்தாள். இல்லாவிட்டால் அற்புதம் விட்டிருக்கமாட்டாள். காலை எட்டு மணி வெயிலில் படகுகள் வந்து கரையேறியிருந்தன. செல்வி ஒவ்வொருவரிடமும் தட்டை நீட்டி, "நல்லா இருக்கான்னு சொல்லாதீங்க. எது வேறன்னு சொல்லுங்க. துப்புங்க!" என்றாள்.

துப்பினார்கள். எப்படித் துப்பினார்கள்! போன மாதம் "ஒன்னும் இல்ல தங்கச்சி" என்று தலையாட்டியவர்கள் இப்போது மணலில் குனிந்து காறினார்கள். வலைக்காரர் ஒருவர், அன்றைக்கே இது கசந்தது, படித்த பிள்ளை ஆசையாகக் கொடுத்ததே என்று பேசாமல் இருந்தேன் என்றார். ஒவ்வொரு வசவுக்கும் செல்வி நோட்டில் ஒரு குறி போட்டாள். போடப்போட அவளுக்கு உடம்பு லேசானது. ஐம்பது பேர் முடிந்தபோது கசக்காதவர்கள் பதினாறு.

"புத்தகத்துல போட்டிருக்கிற மாதிரியே வருது!" என்று அவள் மணலில் குதித்தாள். தனிப் பரம்பரை கைவிட்டுப் போனதில் அவளுக்குக் கொஞ்சமும் வருத்தம் இல்லை.

மைக்கேல்ராஜ் அவளோடு நடந்தார். நிஷா நாலடி பின்னால், அடுத்த கட்டுக் காகிதத்தை எண்ணுவது போலப் பாவனை செய்துகொண்டு வந்தாள்.

"நானும் ஒரு கணக்குப் போட்டேன்" என்றார் அவர். "நமக்கு நாலு பிள்ளை பொறந்தா, அதுல ஒன்னுக்குக் கசக்காது."

"தப்பு."

"ஏன்? நாலுல ஒன்னுதானே?"

"ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியா நாலுல ஒன்னு. மூத்ததுக்கு வந்த சீட்டு ரெண்டாவதுக்குத் தெரியாது. நாலுக்குமே கசக்கலாம். நாலுக்குமே கசக்காமலும் போவலாம். வகுப்புல இப்படியா சொல்லிக் குடுக்குறீங்க?"

மைக்கேல்ராஜ் யோசித்தார். "அப்போ நாலு பத்தாது. கணக்கு சரியா வரணும்னா ஒரு பதினாறாவது..."

"ரெண்டு போதும்னு சர்க்காரு சுவரெல்லாம் எழுதி வச்சிருக்கு!" என்று செல்வி நீல நோட்டால் அவர் தோளில் அடித்தாள். அவர் விலகி ஓட, அவள் துரத்த, செருப்பு மணலில் புதைந்து ஒன்று பின்தங்கியது.

அந்த நேரம் பார்த்து, கூடைக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்த மாரிக்கண்ணு என்ற பெண், நிஷா கொடுத்த மூன்றாவது துண்டை வாயில் வைத்தாள். கூடை கவிழ்ந்தது. "எவடி இவ, காலங்காத்தால வந்து வெஷத்தை வாயில வக்கிறவ!" என்று அவள் எழுந்து நின்று போட்ட சத்தத்தில் கரையில் இருந்த காக்கைகள் எல்லாம் கிளம்பின. நிஷா காகிதக் கட்டோடு ஓடி வந்தாள்.

"எழுதிக்கோடி! மூணாவது! சரியாச் சொல்லிட்டாங்க!"

ஒற்றைச் செருப்போடு நின்று, மூச்சு வாங்க, செல்வி நோட்டைப் பிரித்தாள்.